முளை ஆன்டெனா மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

136 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 2200 மீட்டர். கால் அலை உயரத்துக்குக் கம்பம் நட வேண்டுமென்றால் 550 மீட்டர் வேண்டும். வீட்டுக் கொல்லையில் நடக்கிற காரியமா அது? அதனால்தான் தாழ் அலைவரிசையில் ஆசை வைத்த ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள், பலர் கடைசியில் தரையைப் பார்க்கிறார்கள். நூறு மீட்டர் இடைவெளியில் மண்ணில் அடித்த இரண்டு உலோக முளை, நடுவே ஒரு கம்பி, கம்பியின் ஒரு முனையில் ரேடியோ. அவ்வளவுதான் ஆன்டெனா. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி செய்தி அனுப்பியது இப்படித்தான். பிரிட்டனில் குகை மீட்புக் குழுக்கள் 87 கிலோஹெர்ட்ஸில் பயன்படுத்திய ஹேஃபோன் கருவிக்கும் இரண்டு முளைகள் போதும். 2018இல் தாய்லாந்துக் குகையில் சிறுவர்கள் மாட்டிக்கொண்டபோது அந்தக் கருவியும் அங்கே போனது. அமெரிக்கக் கடற்படை விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் 76 ஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளைக் கூப்பிட்டதும் இதே வித்தையில்தான். அங்கே கம்பி மட்டும் பல கிலோமீட்டர் நீளம்.

எளிமையான ஆன்டெனா என்பதால் கோளாறும் எளிமையாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் பாதி ஆன்டெனா கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கிறது. ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடாது. நான் இரண்டு கோடை அப்படி வீணாக்கியிருக்கிறேன்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேட்பது பற்றிய பகுதிகள் எல்லாருக்கும் பொருந்தும். ஒலிபரப்பும் பகுதிகள், தங்கள் உரிமத்தில் 135.7–137.8 அல்லது 472–479 கிலோஹெர்ட்ஸ் பட்டை எழுதியிருக்கிறவர்களுக்கு மட்டும். உரிமத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் நோட்டில் மூன்று எண்கள்

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று அளவு எடுத்துத் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒன்று, இரண்டு முளைகளுக்கும் இடையே எத்தனை ஓம். இரண்டு, அதே முளைகளுக்கு இடையே எத்தனை ஏ.சி. வோல்ட். மூன்று, தூர முளையிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டால் ஓம் எவ்வளவு காட்டுகிறது. இந்த மூன்றும் இல்லாமல் அடுத்த மாதம் "போன தடவை நன்றாக இருந்ததே" என்று புலம்புவதில் பயனில்லை.

மூன்றாவது எண்ணைப் பலர் எடுப்பதே இல்லை. தூர முனையைக் கழற்றிய பிறகு மீட்டர் திறந்த சுற்று என்று காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினால், கம்பியின் உறை எங்கோ கிழிந்து வழியிலேயே மண்ணைத் தொடுகிறது. உங்களுக்குத் தெரியாமல் மூன்றாவது முளை ஒன்று முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மீட்டர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஓம் காட்டுகிறது

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று முதலில் தோன்றும். அநேகமாகக் கெட்டிருக்காது. ஈர மண்ணில் இரண்டு உலோகத்தைச் செருகினால் அது ஒரு பாட்டரி. ஒன்று செம்பு, மற்றொன்று ஜி.ஐ. பைப் என்றால் ஒரு வோல்ட் அளவுக்குக்கூட வரும். மல்டிமீட்டரின் ஓம் அளவு நேர்மின்னோட்டத்தில் நடப்பது, ஆகவே அந்த வோல்ட் அளவைக் குழப்பிவிடுகிறது. வயர்களை மாற்றிப் பிடித்தால் வேறு எண் வரும். சில சமயம் மைனஸ்கூட வரும்.

உடனடி வைத்தியம்: இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சராசரியும் நம்பகமில்லை. சரியான வைத்தியம் மாறுமின்னோட்டத்தில் அளப்பது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் எர்த் டெஸ்டர் அதைத்தான் செய்கிறது. அது இல்லாவிட்டால் சிக்னல் ஜெனரேட்டரோடு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, ரெசிஸ்டரில் எத்தனை வோல்ட், முளைகளில் எத்தனை வோல்ட் என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் கணக்கு வந்துவிடும். நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா அளவுக்கருவி இருந்தால் இன்னும் நல்லது, அது 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும். ஆனால் அதை லேப்டாப்பில் இணைத்து, லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டிருந்தால் வீட்டு எர்த் வழியாக இன்னொரு பாதை திறந்துகொள்ளும். பாட்டரியில் வைத்து அளங்கள்.

அறிகுறி: காதில் ஹம் (கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்) தவிர வேறொன்றும் இல்லை

கிராமத்தில் இதுதான் முதல் புகாராக வரும். நூறு மீட்டர் கம்பியின் இரு முனையையும் மண்ணில் செருகிவிட்டோம். அந்த மண்ணில்தான் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் எர்த்தும் இருக்கிறது, ஒவ்வொரு மோட்டார் ரூமின் எர்த்தும் இருக்கிறது. நியூட்ரலில் ஓடுகிற மின்னோட்டத்தில் ஒரு பங்கு மண் வழியாகத் திரும்புகிறது. அதன் வோல்ட் வித்தியாசம் நம் இரண்டு முளைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது எண் சொல்வது இதைத்தான்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாதாரணமாக 0.4 வோல்ட் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடினால் ஒன்றைத் தாண்டும். ஒருநாள் ராத்திரி ஸ்பெக்ட்ரம் திரையில் கோடுகள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. வேலி ஓரம் போய் நின்று கேட்டேன்.

"அண்ணே, மோட்டாரை ஒரு பத்து நிமிஷம் நிறுத்திக்க முடியுமா?"

"த்ரீ பேஸ் வந்ததே இப்பத்தான் தம்பி. உன் ரேடியோ நாளைக்கும் பாடும், என் வாழை இன்னைக்கே குடிக்கணும்."

நியாயம்தான். அவர் மோட்டாரை நிறுத்துவது தீர்வாகாது. அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை உண்டு.

முதலில், கம்பியின் முனையில், அதாவது ரேடியோவுக்குப் போகிற கோஆக்ஸ் கேபிள் தொடங்கும் இடத்தில், ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ரேடியோ இருக்கும் அறையில் அல்ல, வெளியே, முளைக்குப் பக்கத்தில். கோஆக்ஸின் உறைக்கம்பி எந்த முளையையும் தொடக் கூடாது. தொட்டால் ஒரு பக்கம் தோட்டத்து மண், மறுபக்கம் வீட்டு எர்த் என்று ஒரு வளையம் உண்டாகி, ஹம் முழுவதும் அந்த வழியே வீட்டுக்குள் வரும். நான் பார்த்த ஹம் புகார்களில் பாதி இந்த ஒரு திருத்தத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

அடுத்து, தொடராக ஒரு கெப்பாசிட்டர். 136 கிலோஹெர்ட்ஸ் கேட்க 10 நானோஃபாரட் போட்டால், 50 ஹெர்ட்ஸுக்கு அது மூன்று லட்சம் ஓமுக்கு மேல், நமக்கு வேண்டிய அலைக்கோ நூற்றுச் சொச்சம் ஓம்தான். லேப்டாப்பின் சவுண்ட் கார்டில் நேரடியாக மீத்தாழ் அலை (30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே) கேட்கிறவர்கள் 47 நானோஃபாரடும் ஒரு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மரும் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியும் போகவில்லை என்றால் முளையின் இடத்தை மாற்றுங்கள். டிரான்ஸ்பார்மர் எர்த்திலிருந்து விலகுவது மட்டும் போதாது. இரண்டு முளையும் அதிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால் இரண்டிலும் ஒரே வோல்ட் நிற்கும், நடுவே வித்தியாசம் குறையும். தூர முளையைப் பிடுங்கி நாலைந்து இடத்தில் மாற்றி மாற்றி அடித்து ஏ.சி. வோல்ட் அளந்தாலே எந்தத் திசை நல்லது என்று தெரிந்துவிடும். எனக்குக் கம்பியை முப்பது டிகிரி திருப்பியதில் 0.4 வோல்ட் 0.1 ஆனது.

அறிகுறி: ஹம் இல்லை, ஆனால் 136 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஒரே இரைச்சல்

இது மண்ணின் குற்றமல்ல. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் பல பத்து கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிற சாதனங்கள். அவற்றின் அடிப்படை அலையோ அதன் மடங்கோ நம் பட்டையில் விழும். வீட்டு மெயினை அணைத்து, ரேடியோவைப் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போனால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான், ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே வந்து பிடியுங்கள். போகாவிட்டால் வெளியிலிருந்து வருகிறது.

அறிகுறி: எங்கே திருப்பினாலும் ஆகாசவாணி

பட்டை முழுவதும் ஒரே பாட்டு, ஒரே செய்தி. சென்னை 720, தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலை நிலையங்களின் வீச்சுக்குள் இருப்பவர்களுக்கு இது சகஜம். நூறு மீட்டர் கம்பி அந்த அலைக்குத்தான் மிகப் பொருத்தமான நீளம். ரிசீவரின் முன்பகுதி திணறிப்போய், இல்லாத இடத்திலும் நிலையத்தைக் காட்டுகிறது. 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதை வெட்டுகிற ஒரு லோ பாஸ் ஃபில்டர் போட்டால் முடிந்தது. நானோவிஎன்ஏ அளவு இந்த ஊர்களில் துள்ளுவதற்கும் இதே காரணம்தான். அங்கே அளவை நம்புவதற்கு முன் நிலையம் ஓய்வெடுக்கும் நேரம் பாருங்கள்.

அறிகுறி: சில நிலையங்கள் கேட்கின்றன, சில அறவே இல்லை

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதற்கென்றே அமைந்த ஒரு சோதனை நிலையம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், கடற்படையின் மீத்தாழ் அலை நிலையம், 1990இலிருந்து இயங்குகிறது. அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதிவு செய்யும் சாதாரண சவுண்ட் கார்டிலேயே பார்க்கலாம். ரேடியோவே வேண்டாம். திரையில் தடித்த ஒரு பட்டையாக நிற்கும். அதற்குச் சற்று மேலே 19.8இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம்.

முளை ஆன்டெனாவுக்குத் திசை உண்டு. கம்பி நீண்டு கிடக்கும் திசையில் நன்றாகக் கேட்கும், அதற்குக் குறுக்கே கேட்காது. நெட்டுக்குத்தாக நிறுத்திய ஒரு பெரிய வளையத்தை மனதில் வைத்துக்கொண்டால் புரியும்: மேல்பக்கம் நம் கம்பி, கீழ்ப்பக்கம் மண்ணுக்குள் ஓடும் மின்னோட்டம். எங்கள் தோட்டத்திலிருந்து விஜயநாராயணம் ஏறக்குறைய நேர் தெற்கு, இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வரப்போடு போகிற வசதிக்காகக் கிழக்கு மேற்காகக் கம்பி போட்டிருந்தேன். தென்கிழக்கிலிருந்து வரும் ஆஸ்திரேலியா பளிச்சென்று இருக்க, பக்கத்திலிருக்கிற விஜயநாராயணம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு வாரம் இணைப்புகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோளாறே இல்லை. தெற்கு வடக்காக இன்னொரு கம்பி போட்டதும் தலைகீழாயிற்று.

ஆகவே கம்பியின் இரண்டு முனைத் திசையிலும் சமமாகக் கேட்டு, குறுக்கே மட்டும் செத்துக் கிடந்தால் ஆன்டெனா ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது கேட்பது முளை ஆன்டெனா அல்ல, அநேகமாகக் கோஆக்ஸின் உறைக்கம்பி. அல்லது தூர முளை விட்டுப்போய்க் கம்பி வெறும் நீள்கம்பியாகக் கிடக்கிறது. முதல் எண்ணை மறுபடி அளந்து பாருங்கள்.

அறிகுறி: ஓம் மிக அதிகம்

1.5 மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு எர்த் ராடு, ஈரமான செம்மண்ணில் ஏறக்குறைய 60 ஓம் தரும். பாறை கலந்த வறண்ட மண்ணில் அதே ராடு 600 ஓம். இரண்டு முளைக்கும் சேர்த்து இரட்டிப்பு. 1200 ஓமில் நூறு வாட் கொடுத்தாலும் 0.3 ஆம்பியர்கூட ஓடாது.

முதலில் இணைப்பைச் சந்தேகியுங்கள், பிறகு மண்ணை. என்னுடைய ஒரு முளை ஆறு மாதத்தில் 90 ஓமிலிருந்து 400க்குப் போனது. கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கினேன். செம்பு ராடு என்று கடையில் விற்றார்கள். கையில் வந்ததில் மேல் அரையடிக்குத்தான் செம்பு இருந்தது. அதற்குக் கீழே முலாம் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இரும்பு துருப்பிடித்துக் கம்பளிப்பூச்சி மாதிரி உப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் பழுப்புப் பொடியாகக் கொட்டியது. அந்தப் பொடிதான் முளைக்கும் மண்ணுக்கும் நடுவே தடுப்பாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கனமான ஜி.ஐ. பைப்தான். விலையும் குறைவு.

முளை நன்றாக இருந்தும் ஓம் அதிகமென்றால் ஒரே முளையை ஆழமாக அடிக்க மல்லுக்கட்டாதீர்கள். எங்கள் பக்கம் நாலடியில் பாறை. ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு நான்கு ராடு அடித்து ஒன்றாக இணைத்தால் ஓம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும். நான்கில் ஒன்றாகாது, ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுந்துவிடுவதால். எலக்ட்ரீஷியன்கள் செய்கிற மாதிரி குழி தோண்டிக் கரியும் உப்பும் போடலாம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் பெண்டோனைட் களிமண் இன்னும் நல்லது. உப்பு போட்ட இடத்தில் தென்னை, வாழை வைத்திருந்தால் வீட்டில் திட்டு வாங்கத் தயாராக இருங்கள். கிணற்றுக்குள் ஒரு பழைய ஜி.ஐ. பைப்பை இறக்கி அதை ஒரு முனையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் கிணற்றில் மோட்டார் இருந்தால் மட்டும் வேண்டாம்.

அறிகுறி: ஓம் அருமையாக இருக்கிறது, ஆனால் சமிக்ஞை போய்ச் சேரவில்லை

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். புதிதாக இதில் இறங்குகிற எல்லாரும் விழுகிற குழி இது. "எங்கள் கரிசல் மண்ணில் இரண்டு ராடுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஓம்தான்!" என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். அவருக்கு என்னைவிடப் பத்து மடங்குக்கு மேல் நல்ல எர்த். அவருடைய ஆன்டெனாதான் மோசம்.

காரணம் இது. வீட்டு எர்த்துக்கு மண் எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு நல்லது. முளை ஆன்டெனாவில் மண் வளையத்தின் கீழ்ப்பாதி. மின்னோட்டம் எவ்வளவு ஆழம் இறங்கித் திரும்புகிறதோ அவ்வளவு பெரிய வளையம். நன்றாகக் கடத்துகிற மண்ணில் அது ஆழம் இறங்குவதே இல்லை, மேலாகவே ஓடித் திரும்பிவிடுகிறது.

137 கிலோஹெர்ட்ஸில் கணக்கைப் பாருங்கள். மண்ணின் தன்மின்தடை 10 ஓம் மீட்டர் என்றால், ஈரக் கரிசல் ஏறக்குறைய அப்படி இருக்கும், அலை இறங்கும் ஆழம் 4 மீட்டர் சொச்சம். 100 ஓம் மீட்டர் என்றால் 14 மீட்டர். 1000 ஓம் மீட்டர் உள்ள கடும்பாறை நிலத்தில் 43 மீட்டர். இதை 1.4ஆல் வகுத்தால் வளையத்தின் உயரம் தோராயமாகக் கிடைக்கும்: 3, 10, 30 மீட்டர். நூறு மீட்டர் கம்பிக்கு வளையத்தின் பரப்பு 300, 1000, 3000 சதுர மீட்டர். கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியே போகிற சக்திக்குக் கணக்கான ஓம், பரப்பின் இருமடிப் பெருக்கமாக ஏறும். ஆகவே கரிசலில் ஓம் கணக்கில் 0.00013, பாறையில் 0.013. நூறு மடங்கு, அதாவது 20 டெசிபல்.

"பாறையில் முளையின் ஓமும் நூறு மடங்கு ஏறுமே, கணக்கு சரியாகிவிடாதா?" என்று நண்பர் கேட்டார். கூர்மையான கேள்வி. ஒரே மாதிரி ராடு, ஒரே வாட் என்றால் உண்மையிலேயே இரண்டு நிலத்திலும் வெளியே போகிற சக்தி ஏறக்குறைய சமமாகிவிடும். ஆனால் முளையின் ஓமைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள ஓரிரு மீட்டர் மண்தான். அதை நாம் மாற்ற முடியும்: தண்ணீர், பெண்டோனைட், கூடுதல் ராடு. ஆழத்து மண்ணை யாராலும் மாற்ற முடியாது. கரிசல்காரர் எத்தனை ராடு அடித்தாலும் இன்னொரு இழப்பு அவரைத் தடுக்கும். கம்பிக்குக் கீழே மண்ணில் ஓடும் மின்னோட்டத்தின் இழப்பு, 137 கிலோஹெர்ட்ஸில் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 13 ஓம். எந்த மண்ணானாலும் இது மாறுவதில்லை. பாறை நிலத்துக்காரருக்கும் அதே 13 ஓம்தான், ஆனால் அவர் கையில் நூறு மடங்கு பெரிய கதிர்வீச்சுத் தடை இருக்கிறது.

முளையைச் சுற்றி ஈரம், ஆழத்தில் பாறை: தேட வேண்டிய நிலம் அதுதான். கடற்படைக்காரர்கள் 76 ஹெர்ட்ஸ் நிலையத்துக்கு வடக்கு விஸ்கான்சினின் பழம்பாறைத் தட்டைத் தேடிப் போனதும் இதனால்தான். கரிசலில் இருக்கிறவர்கள் கேட்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம், கேட்கும்போது இழப்பு அவ்வளவு உறுத்தாது. ஒலிபரப்ப வேண்டுமென்றால் கம்பியை நீட்டுங்கள். நீளம் இரட்டித்தால் வளையம் இரட்டிக்கும், கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகும்.

எப்படிப் பார்த்தாலும் இது மில்லிவாட் சமாச்சாரம். நல்ல பாறை நிலத்தில், பக்கத்துக்கு நான்கு ராடு போட்டு, நூறு வாட் கொடுத்தால் மூன்று மில்லிவாட் வெளியே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் இந்தப் பட்டைக்கு விதித்த வரம்பு 1 வாட் இ.ஐ.ஆர்.பி. (ஆன்டெனாவிலிருந்து வெளியே போகும் சக்தியின் கணக்கு). அதைத் தாண்டிவிடுவோமோ என்ற கவலை நமக்கு வரவே வராது. விஸ்பர், எஃப்.எஸ்.டி.4டபிள்யூ போன்ற, கணினி வழியாக நடக்கும் மெதுவான முறைகள் இந்த மில்லிவாட்டை வைத்துக்கொண்டே வேலை செய்பவை. குரலெல்லாம் மறந்துவிடுங்கள்.

அறிகுறி: ஓம் சரியாக இருந்தும் ஆம்ப்ளிஃபயர் சீறுகிறது

கம்பிக்கு இண்டக்டன்ஸ் உண்டு என்பதை மறந்திருப்பீர்கள். தரையோடு போகும் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றி. நூறு மீட்டருக்கு 200. 137 கிலோஹெர்ட்ஸில் அது 172 ஓம் ரியாக்டன்ஸ். மல்டிமீட்டர் இதைக் காட்டவே காட்டாது. தொடராக 6.8 நானோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் போட்டால் அது கழிந்துபோகும். ஒரு ஆம்பியர் ஓடினால் கெப்பாசிட்டரின் குறுக்கே 170 வோல்டுக்கு மேல் நிற்கும், ஆகவே 630 வோல்ட் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். செராமிக் தட்டுக் கெப்பாசிட்டரைப் போட்டு, அது சூடாகி வெடித்த வாசனையை நான் அறிவேன். அதன் பிறகு மீதி ஓமுக்கு ஏற்றபடி டிரான்ஸ்பார்மரின் சுற்றுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 200 ஓம் என்றால் 50 ஓம் பக்கத்துக்கு 15 சுற்று, மறுபக்கம் 30. சுற்றின் நடுவே நான்கைந்து இடத்தில் டேப் (இணைப்பு முனை) எடுத்து வைத்தால் பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்ளலாம்.

472 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு சிக்கலும் வரும். மண்ணில் படுத்திருக்கும் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்து, மின்னோட்டம் தூர முளைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே மண்ணுக்குள் நழுவும். இரண்டு முனையிலும் ஆம்பியர் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கம்பியைக் குச்சி நட்டு இடுப்புயரத்துக்குத் தூக்குங்கள். ஆடு கடிக்காது, எலி கொறிக்காது, ஏர் ஓட்டுகிறவரும் பார்த்து ஓட்டுவார். என் கம்பியின் பாதி ஒட்டு டிராக்டர் போட்டது.

அறிகுறி: ஒலிபரப்பினால் வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு சுவிட்ச்) விழுகிறது

வீட்டு எர்த்தையே ஒரு முளையாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். உடனே கழற்றுங்கள். பழுதான சாதனத்தின் மின்சாரம் உங்கள் ரேடியோ வழியாக வரவும், உங்கள் அலை வீட்டு வயரிங் முழுக்கச் சுற்றவும் அது திறந்துவிட்ட கதவு. வீட்டு எர்த்திலிருந்து முளை பல மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இதோடு சேர்த்து ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 400 ஓமில் நூறு வாட் என்றால் முளைகளுக்கு நடுவே 200 வோல்ட். அதில் பெரும்பங்கு முளையைச் சுற்றி ஓரிரு மீட்டருக்குள் இறங்குகிறது. அங்கே நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே வோல்ட் நிற்கும். முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளியிருக்கிற மாட்டுக்கு இன்னும் மோசம். முளையைச் சுற்றி வேலி போடுங்கள், முளை என்பதால் யாராவது அதில் மாட்டைக் கட்டிவிடப் போகிறார்கள். இடி இறங்கினால், அது நம் கம்பியில் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை, அரைக் கிலோமீட்டர் தள்ளி இறங்கினாலே நூறு மீட்டர் இடைவெளியில் மண்ணில் பெரிய வோல்ட் வித்தியாசம் எழும். வானம் கறுத்தால் கம்பியை வெளியிலேயே கழற்றிவிடுங்கள். இடி தாங்க கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருக்க வேண்டாம்.

அறிகுறி: ஆரம்பத்தில் நன்றாக இருந்து, பத்து நிமிடத்தில் மின்னோட்டம் இறங்குகிறது

முளையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒலிபரப்பை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். நீங்கள் கொடுக்கிற வாட்டில் ஏறக்குறைய முழுவதும் முளையை ஒட்டிய மண்ணைத்தான் சுடவைக்கிறது. ஈரம் ஆவியாகி, முளையைச் சுற்றி ஒரு வறண்ட உறை உண்டாகிறது. ஓம் ஏறுகிறது, மேலும் சூடாகிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மின்னோட்டம் எகிறுவதைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான். நிரந்தர வழி, வாட்டைப் பல ராடுகளில் பங்கிட்டுக் கொடுப்பது. சொட்டுநீர்க் குழாயின் ஒரு சொட்டியை முளைக்கு நேராக வைத்தவர்களும் உண்டு, தோட்டத்துக்காரருக்கு அது கைவசம் இருக்கிற விஷயம்தானே.

சூடில்லாமல் மின்னோட்டம் மட்டும் துள்ளித் துள்ளி விழுந்தால் தளர்ந்த கிளாம்ப். காற்றில் கம்பி ஆடும்போது கவனியுங்கள்.

விஸ்பரில் உங்கள் கோடு திரையில் சாய்ந்து போகிறது, யாரும் பிடிக்கவில்லை என்றால் முளையைத் தொடாதீர்கள், அது ஆஸிலேட்டர் நகர்வது. கணினியின் கடிகாரமும் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

அறிகுறி: ஐப்பசியில் ஒரு மாதிரி, சித்திரையில் வேறு மாதிரி

இது நோயல்ல, சுபாவம். மழை பெய்து மேல்மண் நனைந்தால் முளையின் ஓம் இறங்கும், டிரான்ஸ்பார்மரின் டேப்பை மாற்ற வேண்டியிருக்கும். ஆழம் வரை ஊறிவிட்டால் வளையமும் சுருங்கும். ஆகவே மின்னோட்டம் ஏறியும் சமிக்ஞை அதே அளவில் நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். என் நோட்டில் ஒரு வருஷத்துக் கணக்கு இருக்கிறது: ஐப்பசி மழையில் 140 ஓம், தை மாதம் 210, சித்திரை வெயிலில் 380. மூன்றுக்கும் மூன்று டேப். பெட்டியின் மூடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: மழை, பனி, வெயில்.